நில அதிர்வுப் படத்தில் அடையற் பாறை படிப்பது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கு

கிணற்றை எட்டிப் பார்த்து ஏச்சு வாங்கி வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அடையற் பாறை, அதாவது படைபடையாகப் படிந்து இறுகிய பாறை, புதிதல்ல. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றின் கட்டில் சாய்ந்து உள்ளே பாருங்கள். மேலே செம்மண். அதன் கீழே வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணக்கல். கல்லில் ஆங்காங்கே கை நுழையும் பொந்துகள். மாரி மழை விட்ட மறுநாள் அந்தப் பொந்துகளில் தண்ணீர் கசிந்து கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் 'மயோசீன் சுண்ணக்கல்' என்று பாடமாக்கினோமே, அது இதுதான். கீரிமலைக் கேணிக்குக் கடலோரத்திலேயே நன்னீர் ஊறி வருவது இந்தக் கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும்தான். காங்கேசன்துறையில் சீமெந்துக்குத் தோண்டியதும் இதே கல்தான்.

கிணற்றின் அடியோடு பார்வை நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது? துளைபோட்டுப் பார்க்கலாம். 1970களில் பேசாலையில் சோவியத் உதவியோடு அப்படித் துளைத்தார்கள். கடலிலும் துளைத்தார்கள், அந்தக் கிணறுகளில் ஒன்றுக்குப் பெட்ரோ என்றும் இன்னொன்றுக்கு டெல்ஃப்ட் என்றும் பெயர், அதாவது நம் பருத்தித்துறையும் நெடுந்தீவும். வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. ஒவ்வொரு துளையும் பெருஞ்செலவு, அதுவும் ஒரே ஒரு புள்ளியைத்தான் காட்டும். புள்ளிகளுக்கு இடையே உள்ள பெரும் பரப்பை அறிய நில அதிர்வுத் தரவு வேண்டும், அதாவது நிலத்தை அதிரவைத்துக் கீழிருந்து திரும்பி வரும் அலைகளைப் பதிந்த தரவு. அதைப் படிக்கத் தொடங்குகிறவர் எந்த வரிசையில் போகலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் அலைகள் பாடம் படித்திருந்தால் போதும். கணக்கென்று பார்த்தால் பெருக்கலும் பிரித்தலும்தான்.

முதலில் காதைப் பழக்குங்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நீண்ட சுவருக்கு 50 மீற்றர் தள்ளி நின்று கை தட்டுங்கள். ஒலி போய்வர 100 மீற்றர். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், ஆகவே 0.29 செக்கனில் எதிரொலி தனியாகக் கேட்கும். இனி 6 மீற்றர் கீழே தண்ணீர் நிற்கும் கிணற்றுக்குள் 'கூ' என்று கூப்பிடுங்கள். 12 மீற்றருக்கு 0.035 செக்கன்தான். எதிரொலி வராமலில்லை, உங்கள் கூப்பாட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதால் காதுக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை.

இந்த இரண்டையும் நீங்களே செய்து பார்த்துவிட்டால் பின்னால் வரப்போகும் பாதி விடயம் விளங்கிவிடும். நில அதிர்வுப் படத்தின் நிலைக்குத்து அச்சில் இருப்பது மீற்றர் அல்ல, அதிர்வு கீழே போய்த் திரும்ப எடுத்த நேரம். மிக அருகருகே உள்ள இரண்டு எல்லைகளின் தெறிப்பு, கிணற்றுக் 'கூ'வைப் போல, ஒன்றாக ஒட்டிவிடும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் படத்தை வெட்டி வைத்த கேக் துண்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்குகிறது.

வளவுக்குள் ஒரு சம்மட்டி

வாய்ப்புக் கிடைத்தால் கணினிக்கு முன்னால் உட்காருமுன் ஒரு நாள் களத்தில் நில்லுங்கள். சிறிய ஆய்வுக்கு ஒரு சம்மட்டி, ஓர் இரும்புத் தகடு, வரிசையாக நிலத்தில் குத்தி வைத்த 12 அல்லது 24 ஜியோபோன்கள், ஒரு பதிவுக் கருவி போதும். ஜியோபோன் என்பது காந்தமும் சுருளும் வில்லும்தான். நிலம் ஆடினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். கருவி பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இரவல் வாங்க வேண்டியதுதான், சொந்தமாக வாங்கக் கட்டாது.

செம்மண்ணில் அதிர்வு செக்கனுக்கு 400 மீற்றர், சுண்ணக்கல்லில் 3,000 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் 2 மீற்றர் தடிப்பு. ஜியோபோன்களை ஒவ்வொரு மீற்றருக்கும் ஒன்றாக வைத்துத் தகட்டில் ஓங்கி அடித்தால், முதல் நான்கு ஜியோபோன்களுக்கு மண் வழியாக நேரே வரும் அலை முந்தும். ஐந்தாவதிலிருந்து கதை மாறும். கீழே இறங்கிக் கல்லின் மேற்பரப்பு வழியே ஓடி மேலேறிய அலை, சுற்றுப்பாதையாக இருந்தாலும், முந்திக்கொள்ளும். ஏ9 வீதிக்கு ஏறிப்போனால் ஒழுங்கைக்குள்ளால் போனவனை முந்துவதுபோல. நேரத்தையும் தூரத்தையும் வரைபில் போட்டால் கோடு முறியும் இடம் 4.6 மீற்றரளவில் வரும். அந்த இடத்தைக் கொண்டு மண்ணின் தடிப்பைத் திரும்பக் கணக்கிடலாம். இதுதான் முறிவு முறை.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கீழே போகப்போக வேகம் கூட வேண்டும். வேகமான சுண்ணக்கல்லுக்குக் கீழே வேகம் குறைந்த களியோ மணலோ இருந்தால் அந்தப் படையிலிருந்து முறிவலை மேலே வராது. அது இருப்பதே தெரியாமல் போய்விடும். குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குக் கீழே பார்க்க வேண்டுமென்றால், எல்லைகளில் பட்டு எதிரொலிபோலத் திரும்பி வரும் அலைகளைப் பதியும் தெறிப்பு முறைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டது என்று திட்டமாகத் தெரியாத காணியில் கால் வைக்க வேண்டாம், ஜியோபோன் குத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம். மற்றது, வயரும் சம்மட்டியுமாக நின்றால் அரை மணித்தியாலத்தில் வேலியடியில் நாலு பேர் கூடுவார்கள். "தம்பி, குழாய்க் கிணறு அடிக்கப் போறியளோ? எங்கட வளவிலயும் ஒருக்காத் தண்ணி பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரின் வாரிசாக உங்களை நினைத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் நடந்து திரிந்தால் அதுவும் ஜியோபோனில் பதியும்.

எந்த எல்லை தெறிக்கும்?

ஒரு பாறையின் அடர்த்தியை அதில் அலை செல்லும் வேகத்தால் பெருக்குங்கள். வரும் எண்ணை ஒலித்தடை என்போம். கீழ்ப்படையின் ஒலித்தடையிலிருந்து மேற்படையின் ஒலித்தடையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்தால் தெறிப்புக் குணகம். இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் கையால் போட்டுப் பாருங்கள்.

களிப்பாறை: வேகம் செக்கனுக்கு 2,500 மீற்றர், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.3 கிராம், பெருக்கினால் 5,750. அதன் கீழே சுண்ணக்கல்: 4,500, 2.6, ஆகவே 11,700. குணகம் 0.34. மிகப் பலமான தெறிப்பு. சுண்ணக்கல்லுக்குப் பதிலாக நீர் நிறைந்த மணற்கல், 2,700, 2.2 என்றால் 5,940. குணகம் 0.02கூட வராது. பாறை முழுதாக மாறிவிட்டது, படத்தில் கோடே இல்லை! அதே மணற்கல்லில் நீருக்குப் பதில் எரிவாயு இருந்து வேகம் 2,000 ஆகவும் அடர்த்தி 2.0 ஆகவும் இறங்கினால் 4,000. குணகம் மறை 0.18. இப்போது கோடு பளிச்சென்று, ஆனால் தலைகீழாக வரும்.

இந்த மூன்று கணக்கும் மனதில் நின்றால் 'பளிச்சென்ற கோடு முக்கியமான பாறை, மங்கிய கோடு முக்கியமில்லாதது' என்ற எண்ணம் போய்விடும்.

தரவு எங்கே எடுப்பது?

இலங்கைக் கடலின் தரவு பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையிடம் இருக்கிறது. அதைப் பயிற்சிக்குக் கேட்டு அலைய வேண்டாம். தொடக்கத்துக்கு நெதர்லாந்தின் வடகடல் பகுதியில் எடுத்த 'எஃப்3' என்ற முப்பரிமாணத் தரவு போதும். இலவசம், நான்கு கிணறுகளின் தரவும் கூடவே வருகிறது, உலகமெங்கும் மாணவர்கள் இதில்தான் கை பழகுகிறார்கள். பார்ப்பதற்கு 'ஓப்பன்டிடெக்ட்' என்ற மென்பொருள். அதன் திறந்த மூலப் பதிப்பும் இலவசம். கோப்பு பெரியது. இரவு டேட்டா பக்கேஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.

வடகடலில் பழகி என்ன பயன் என்று கேட்கலாம். அலைக்கு நாடு கிடையாது. கடலுக்குள் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் அங்கே எப்படி அடுக்கியதோ, நம் குடாநாட்டுக் கடலுக்கு அடியிலும் நீளும் காவேரிப் படுகையிலும் அதே விதிக்குத்தான் அடுக்கியிருக்கிறது.

தரவு 'செக்-வை' என்ற கோப்பு வடிவத்தில் வரும். 1975இல் காந்த நாடாவுக்காக வகுத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் 3,200 பைட்டில் எழுத்து விவரம், அடுத்த 400 பைட்டில் எண் விவரம், பிறகு ஒவ்வொரு அதிர்வுக் கோட்டுக்கும், அதாவது ஓரிடத்துக்குரிய ஒற்றைப் பதிவுக்கும், முன்னால் 240 பைட். எழுத்து விவரத்தைத் திறந்ததும் குப்பை எழுத்தாக வந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய 'எப்சிடிக்' குறியீட்டில் இருக்கலாம். அதைக் கட்டாயம் வாசியுங்கள். பலர் வாசிப்பதில்லை. நானும் வாசிக்காமல் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஆள்கூறுகள் 100ஆல் பெருக்கிச் சேமிக்கப்பட்டிருந்தன. பிரிக்கச் சொல்லும் எண் 71ஆவது பைட்டில் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கடலில் எடுத்த தரவு வரைபடத்துக்கு வெளியே எங்கோ போய் நின்றது. மென்பொருள் பழுது என்று ஒரு பின்னேரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திறந்ததும் கோடு இழுக்காதீர்கள்

முதல் நாள் பார்ப்பது மட்டும். கடற்தரை எது என்று கண்டுபிடியுங்கள். நீரிலிருந்து சேற்றுக்குப் போகும்போது ஒலித்தடை கூடுகிறது என்பது நிச்சயம். ஆகவே கடற்தரை எந்த நிறத்தில் வருகிறதோ அந்த நிறம்தான் இந்தத் தரவில் 'தடை கூடுகிறது' என்பதன் அடையாளம். இதை ஒரு துண்டில் எழுதித் திரையில் ஒட்டுங்கள். ஒரு தரவில் சிவப்பு, இன்னொன்றில் நீலம் என்று மாறும்.

பிறகு பேய்க்கோடுகளைத் தேடுங்கள். கடற்தரையில் பட்டு மேலே வந்த அலை நீர்ப்பரப்பில் மோதித் திரும்ப இறங்கி மீண்டும் கடற்தரையில் பட்டு வரும். கடற்தரை 0.6 செக்கனில் என்றால் அதன் நகல் 1.2 செக்கனில், கடற்தரையின் மேடு பள்ளத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டிக்கொண்டு நிற்கும். தொடக்கத்தில் அப்படி ஒரு நகலை உண்மையான படை என்று நம்பி இரண்டு நாள் கோடு இழுத்தவன் நான். பாக்கு நீரிணைப் பக்கம் இது வேறு விதமான தொல்லை. 10 மீற்றர் நீருக்குப் போய்வர 13 மில்லிசெக்கன்தான். நகல் மேல் நகலாக, கோயில் மணியின் ரீங்காரம்போலப் படம் முழுக்க இழுபடும். மன்னார்க் கடலில் நேரெதிர். 2011இல் எரிவாயு கண்ட டொராடோ கிணறு நின்ற இடத்தில் நீர் ஆழம் 1,354 மீற்றர். நீரில் வேகம் செக்கனுக்கு 1,500 மீற்றர் என்றால் போய்வர 1.8 செக்கன். படத்தின் மேற்பகுதி 1.8 செக்கன் முழுவதும் வெறும் கடல்நீர்!

கிணற்றோடு முடிச்சுப் போடுவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்களின் வேலையை நான் நம்புவதில்லை.

துளைத்த கிணற்றில் கருவி இறக்கி அளந்த வேகமும் அடர்த்தியும் மீற்றர் மீற்றராக இருக்கும். அதிலிருந்து ஒலித்தடை, அதிலிருந்து ஒவ்வொரு எல்லைக்கும் தெறிப்புக் குணகம். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு சிறிய அலை வடிவத்தை, குணகத்தின் அளவுக்குப் பெருப்பித்தோ சிறுப்பித்தோ வைத்து, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு செயற்கை அதிர்வுக் கோடு கிடைக்கும். கிணறு நிற்கும் இடத்து உண்மையான கோட்டுக்கு அருகில் அதை வைத்து, மேலும் கீழும் நகர்த்திப் பொருந்தும் இடத்தைக் காணுங்கள். பொருந்தினால் '0.9 செக்கனில் உள்ள அந்த நீலக் கோடு இந்த மணற்கல்லின் தலை' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வரும். அதுவரை அது வெறும் நீலக் கோடு.

பொருந்தவில்லை என்றால் இழுத்து நீட்டிப் பொருத்தாதீர்கள். மென்பொருள் விடும், அதுதான் ஆபத்து. 10 மில்லிசெக்கன் நகர்த்தலாம். 60 மில்லிசெக்கன் நகர்த்த வேண்டி வந்தால் எங்கோ பிழை: நிறக் குறி தலைகீழாக இருக்கலாம், கிணற்றின் ஆழம் துளைமேடைத் தளத்திலிருந்தா கடல் மட்டத்திலிருந்தா அளந்தது என்பதில் குழப்பம் இருக்கலாம்.

இதே இடத்தில் பிரிதிறனையும் கணக்கிட்டு எழுதிவிடுங்கள். வேகத்தை மீடிறனால் பிரித்தால் அலைநீளம். அதில் காற்பங்குதான் பிரித்துப் பார்க்கக்கூடிய ஆகக் குறைந்த தடிப்பு. வேகம் 3,000, மீடிறன் 30 ஹேர்ட்ஸ் என்றால் 25 மீற்றர். டொராடோவில் எரிவாயு இருந்த பகுதியே ஏறக்குறைய 25 மீற்றர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த அளவு இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. நம் சுண்ணக்கல்லில் உள்ள அறையளவு பொந்து ஆழ்கடல் ஆய்வுத் தரவில் தெரியவே தெரியாது.

இனிக் கோடு இழுக்கலாம்

முதலில் பிளவுகள், அதாவது படைகள் உடைந்து நகர்ந்த இடங்கள், பிறகு படைகள். பிளவைக் குறிக்காமல் படையைத் தொடர்ந்தால் பிளவின் மறுபக்கத்தில் வேறொரு படைக்குத் தாவிவிடுவீர்கள். நெடுக்கு வெட்டுமுகம் ஒன்றில் தொடங்கி, குறுக்கு வெட்டுமுகத்தில் திரும்பி, இன்னொரு நெடுக்கில் வந்து, மறுபடி தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். தொடங்கிய அதே நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்தச் சதுரத்தில் எங்கோ தடம் மாறிவிட்டீர்கள். மென்பொருளின் தானியங்கித் தொடர்தலை முதல் மாதம் தொடாதீர்கள் என்பது என் பிடிவாதம். அது பலமான இடத்தில் மனிதனைவிட நன்றாகப் போகும். மங்கிய இடத்தில் கூச்சமே இல்லாமல் பொய் சொல்லும்.

அடையற் பாறையைப் படிப்பதன் சுவை கோடுகள் முடியும் இடத்தில்தான் இருக்கிறது. 1977இல் பீட்டர் வெயிலும் அவருடைய கூட்டாளிகளும் இதை ஒரு முறையாக்கி வெளியிட்டார்கள். எஃப்3 தரவில் ஒரு வெட்டுமுகத்தை அச்சடித்து, வீட்டில் பெஞ்சில் போட்டு, பென்சிலால் ஒவ்வொரு கோடும் எங்கே எப்படி முடிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஒரு படை சாய்ந்த தளத்தில் வந்து முட்டி நின்றால், பழைய மேட்டின் மேல் கடல் ஏறி ஏறி மணல் சேர்த்திருக்கிறது. மேலே உள்ள தளம் பல கோடுகளைக் கத்தியால் அறுத்ததுபோல முடித்தால், அங்கே படிந்தது பின்னர் அரிக்கப்பட்டிருக்கிறது. சாய்வாக இறங்கி வந்து கீழே உள்ள தளத்தில் படுத்து முடிந்தால், கரையிலிருந்து ஆழத்தை நோக்கி வண்டல் முன்னேறியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை எஃப்3 படத்தின் நடுப்பகுதியில் காணலாம். ஓலைக் கிடுகை ஒன்றின் மேல் ஒன்று சற்றுத் தள்ளித் தள்ளி அடுக்கியதுபோல, வளைந்த கோடுகள் வரிசையாக ஒரே திசைக்குச் சாய்ந்து போகும். பழங்காலத்துப் பெரிய ஆறு ஒன்றின் கழிமுகம் கடலுக்குள் வளர்ந்த தடம் அது. ஒரு கிடுகில் மேல் விளிம்பு தட்டையான இடம் ஆழமற்ற கடல், வளைந்து இறங்குவது சரிவு, கீழே படுத்த பகுதி ஆழக் கடலின் சேறு. அம்புகளை மட்டும் வைத்து எந்தக் கிடுகுக்குப் பிறகு கடல் மட்டம் இறங்கியது என்று சொல்ல முயலுங்கள். இரண்டு வாரம் இதிலேயே கிடந்தாலும் வீணில்லை.

நேரத்தை மீற்றராக்குவது

வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் பிரித்தால் ஆழம். சுலபம்தான், ஆனால் எந்த வேகம்? ஓர் உதாரணத்தைப் பாருங்கள். சுற்றிவர 2,500 மீற்றர் வேகமுள்ள களிப்பாறை. அதற்குள் ஓரிடத்தில் 200 மீற்றர் தடிப்பில் சுண்ணக்கல் திட்டு, வேகம் 4,500. களியில் 200 மீற்றருக்குப் போய்வர 160 மில்லிசெக்கன், சுண்ணக்கல்லில் 89தான். திட்டுக்குக் கீழே உள்ள எல்லாப் படையும் 71 மில்லிசெக்கன் முந்தி வந்து, படத்தில் மேலே தூக்கித் தெரியும். களியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 89 மீற்றர் உயரமான ஒரு மேடு. கீழே உண்மையில் மட்டமான தரை! முருகைக்கல் திட்டுக்குக் கீழேயோ உப்புக்கு கீழேயோ அழகான மேட்டைக் கண்டால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எரிமலைப் பாறைத் தட்டுகள் உள்ள இடத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்; மன்னார்ப் படுகையில் அவை உண்டு.

இதை முறையாகப் படிக்க விரும்பினால் பேராதனையில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது, மொரட்டுவையில் புவி வளப் பொறியியல் இருக்கிறது. அதற்கு முன்பே வீட்டில் இருந்து செய்யக்கூடிய ஒரு பயிற்சியோடு நிறுத்துகிறேன். ஒரே வெட்டுமுகத்தின் இரண்டு அச்சுப் பிரதிகளை எடுத்து, ஒன்றை உங்களோடு படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் ஐந்து படைகளையும் பிளவுகளையும் வரையுங்கள். முடிந்ததும் இரண்டு தாளையும் சேர்த்து யன்னல் கண்ணாடியில், வெயில் பட, ஒட்டுங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களை அப்படியே விடலாம். பிரிந்து போகும் இடங்களில் அழிறப்பரை எடுத்து இருவரும் உங்கள் உங்கள் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றுங்கள்.